கொதிக்காத பேட்டரி

காத் இலை மெல்லத் தொடங்கி மூன்றாவது மணி நேரத்தில் எந்த ஆண்பிள்ளையும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட வேண்டும். முதல் மணி நேரத்தில் கன்னம் உப்பும். இரண்டாவதில் நாக்கு அவிழும். மூன்றாவதில் மனிதன் என்ஜினியர் ஆகிவிடுவான். எங்கள் சனா நகரத்தில் எத்தனை பாலங்கள், எத்தனை விமான நிலையங்கள் இந்த மூன்றாவது மணி நேரத்தில் கட்டப்பட்டிருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தி சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு எழுந்தால் எல்லாம் மறந்துவிடும். யாருக்கும் சேதமில்லை.

என் வாக்கு மட்டும் மறக்கப்படவில்லை. கேட்டவர்கள் பன்னிரண்டு பேர். அதில் ஒருவன் முஹ்சின்.

முஹ்சின் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். தெருவுக்குக் கம்பி வழியே மின்சாரம் வந்த காலம் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. ஆளுக்கொரு சோலார் பேனல் வைத்துப் பிழைக்கிறோம். முஹ்சினிடம் மட்டும் பெரிய ஈய பேட்டரிகள் நான்கு. அதனால் கால்பந்து ஆட்டம் என்றால் அவன் வீட்டுக் கூடம்தான். டிவி பார்க்கக் காசு வாங்க மாட்டான், அதைவிடக் கொடுமை செய்வான். இடைவேளையில் தான் எழுதிய கவிதைகளை வாசிப்பான். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் கவிதையும் கூடும். அரையிறுதியன்று தன் ஒட்டகத்தின் பிரிவைப் பற்றி இருபத்தெட்டு அடி வாசித்தான். அவனிடம் எந்தக் காலத்திலும் ஒட்டகம் இருந்ததில்லை.

இருபத்தெட்டாவது அடியில் என் வாய் தானாகத் திறந்தது.

"வெள்ளிக்கிழமை இறுதி ஆட்டம் என் வீட்டுல!"

முஹ்சின் காகிதத்தை மடித்தான்.

"உன் வீட்டுலயா? உன் பேட்டரி செத்துப்போய் ஒரு வருஷம் ஆச்சே, லுத்ஃப்."

"வேற வாங்கப் போறேன். லித்தியம்."

ஏன் லித்தியம் என்று சொன்னேன்? எனக்கே தெரியாது. இலை பேசியது.

"லித்தியத்தைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

"என்ன தெரியாதுன்னு கேளு."

பன்னிரண்டு பேரும் "ஆகா" என்றார்கள். அந்த "ஆகா"வில் நான் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சந்தைக்குப் போனேன். உடைந்த மின்சார ஸ்கூட்டர்களைப் பிரித்து, அதற்குள் இருக்கும் செல்களை எடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி விற்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். தமார் ஊர்க்காரர் ஒருவர் ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"அண்ணே, இது பழைய செல்லுங்க. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொண்ணையும் மீட்டர் வெச்சுப் பாருங்க. கன்ட்ரோலர்ல செட்டிங்கை மாத்தணும், ஈய பேட்டரி மாதிரி ஏத்தக் கூடாது. வெயில்ல வைக்கக் கூடாது. அப்புறம்..."

"தெரியும் தெரியும்" என்றேன். நில அளவை அலுவலகத்தில் பதினெட்டு வருடம் வரைபடம் வரைந்தவனுக்கு ஒரு பெட்டியைப் பற்றிப் பாடமா?

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே ஹூரியா. ஹூரியா என்றால் சொர்க்கத்துக் கன்னிகை. மாமனார் பெயர் வைத்ததோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். என் மனைவி தெருவுக்கே தையல்காரி. தையல் மெஷினில் மோட்டார் இருக்கிறது, அதை ஓட்டத்தான் ஒரு வருடமாகக் கரண்ட் இல்லை. வலது கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தோள் வீங்கிக் கிடந்தாள். அடுத்த வாரம் ஒரு மணப்பெண்ணின் உடையைக் கொடுத்தாக வேண்டும்.

"அபூ நஜீப், என்ன அது?"

நஜீப் எங்கள் ஒரே மகன், தாயிஸில் படிக்கிறான். அபூ என்றால் அப்பா. அவன் பெயரைச் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டால் விசாரணை ஆரம்பம் என்று பொருள்.

"பேட்டரி."

"எனக்கா?"

"நமக்கு."

"நமக்குன்னா? மெஷினுக்கா, டிவிக்கா?"

"முதல்ல டிவி. வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிஞ்ச நிமிஷமே மெஷினுக்கு."

"போன பேட்டரிக்கும் இதைத்தான் சொன்னீங்க. ஆட்டம் முடியறதுக்குள்ள அது முடிஞ்சுபோச்சு." பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இது புதுசில்லையே? பிரிச்சு எடுத்ததுதானே? ஒவ்வொரு செல்லும் எத்தனை வோல்ட்னு பார்த்தீங்களா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"செல்லு, வோல்ட்டு எல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"சபாஹ்."

சபாஹ் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பெண்கள் தங்கள் போனை ஆண் மெக்கானிக்கிடம் கொடுக்க மாட்டார்கள். உள்ளே கல்யாண வீட்டுப் படங்கள் இருக்கும், முகம் மூடாத படங்கள். ஆகவே தெருவில் உள்ள அத்தனை பெண்களின் போனும் பழுதானால் சபாஹின் மடிக்குத்தான் போகும். ஆண்கள் மதியம் காத் கூடத்தில் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போது, பெண்கள் தங்கள் கூட்டத்தில் அவளைச் சுற்றி உட்கார்ந்து, எந்த பேட்டரி ஏன் ஊதியது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

"போன் பேட்டரி வேற, வீட்டு பேட்டரி வேற" என்றேன்.

"போன்ல இருக்கிறதும் லித்தியந்தான்."

"அது சின்ன லித்தியம்."

அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத நேரங்களில்தான் நான் அதிகம் பயந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் வேலை தொடங்கியது. பேனல் ஏற்கனவே இருந்தது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்து, எவ்வளவு ஏற வேண்டும் என்று அளந்து விடும் கன்ட்ரோலரும் இருந்தது. ஈய பேட்டரிக்கு வைத்த செட்டிங் அப்படியே இருந்தது. ஒரு வருடமாக யாரும் தொடாததை நான் ஏன் தொட வேண்டும்? முதலில் பேனலை மாட்டினேன். பிறகு பேட்டரியை மாட்டினேன். கன்ட்ரோலர் ஒரு முறை 'கிர்' என்றது. நன்றி சொல்கிறது என்று நினைத்தேன்.

அடுத்து, மறக்காமல் வாங்கி வந்திருந்த பேட்டரித் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். பெட்டியை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன், கவிழ்த்துப் பார்த்தேன்.

பின்னால் ஹூரியா.

"என்ன தேடுறீங்க?"

"தண்ணி ஊத்துற ஓட்டை."

"அதுக்குத் தாகம் கிடையாது. அந்த பாட்டிலை இப்படிக் குடுங்க."

பிடுங்கிக்கொண்டாள். நான் பெட்டியின் மேல் காதை வைத்துப் படுத்தேன்.

சனாவில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பேட்டரி நிறைந்துவிட்டதா என்று தெரிய மீட்டர் வேண்டாம், காது போதும். ஈய பேட்டரி நிறைந்தால் உள்ளே 'குபு குபு' என்று கொதிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் கம்பியைக் கழற்றுவோம். பத்து வருடமாக எங்கள் தெரு ஆண்கள் இப்படித்தான் பேட்டரியின் மேல் தலை வைத்துக் கிடக்கிறோம்.

"கேக்குதா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"கேட்டா?"

"ஃபுல்லுன்னு அர்த்தம்."

"மனுஷா, இது கொதிச்சா நீங்க காதை வெச்சுக் கேக்க வேண்டாம். பஜார் வரைக்கும் கேக்கும்."

"நீ சும்மா இரு. ஏதோ லேசா வருது..."

வந்தது சத்தம் இல்லை, சூடு. என் காது மடல் சிவந்தது. வெயில்தானே என்று இருந்துவிட்டேன். அவள் குனிந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரே இழுப்பில் பேனல் கம்பியைப் பிடுங்கினாள்.

"கீழ போங்க."

"ஏன்?"

"பொம்பளைங்க வர்றாங்க."

அதற்கு மேல் ஒரு சனாக்காரனுக்கு வழி கிடையாது. மொட்டைமாடி பெண்களின் நாடு. படியேறும் எந்த ஆணும் "அல்லாஹ்! அல்லாஹ்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஏற வேண்டும், மேலே யாராவது இருந்தால் விலகிக்கொள்ள. அவர்கள் விலகவில்லை என்றால் நாம்தான் இறங்க வேண்டும். மன்னராக இருந்தாலும் இதுதான் விதி. நான் இறங்கினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் படியடியில் நின்றேன்.

"அல்லாஹ்! அல்லாஹ்!"

"நில்லுங்க! பதினஞ்சு பேர் இருக்காங்க!"

"பதினஞ்சு பேரா? என்ன பண்றாங்க?"

"மிளகா காய வைக்கிறாங்க!"

"பேட்டரி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. உங்களை விசாரிச்சுது."

புதன்கிழமையும் பதினைந்து பேர். அன்று கம்பளி உதறினார்களாம். வியாழக்கிழமை மணப்பெண் உடைக்கு அளவு பார்த்தார்களாம். காலை எட்டு மணியிலிருந்து சூரியன் இருக்கும்வரை பெண்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் காத் கூட்டம். ஆக, சூரியனும் நானும் ஒரே நேரத்தில் என் மொட்டைமாடியில் இருக்க வழியே இல்லை. மேலேயிருந்து பேச்சு கேட்டது, சிரிப்பு கேட்டது, எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. மிளகாயை எதற்குச் சுரண்ட வேண்டும் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு எனக்கு மிளகாயைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் முஹ்சின் தினமும் விசாரித்தான்.

"என்ன லுத்ஃப், கொதிச்சுதா?"

"கொதிக்கும், கொதிக்கும்."

"கொதிக்கலன்னா சொல்லு. என் வீடு இருக்கவே இருக்கு. ஒட்டகத்தோட ரெண்டாம் பாகம் எழுதிட்டேன்."

இரவெல்லாம் எனக்கு இதுதான் கவலை. பன்னிரண்டு பேர் முன்னால் டிவி எரியவில்லை என்றால் நான் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. சாகும்வரை 'லித்தியம் லுத்ஃப்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் பேரனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வியாழன் மாலை ஹூரியாவே பேச்சை எடுத்தாள். ஸல்தா குழம்புச் சட்டியில் மிச்சமிருந்ததை ரொட்டியால் துடைத்து என் பக்கம் தள்ளினாள். இது அவள் வழக்கமே இல்லை.

"பேட்டரி தயார்."

"கொதிச்சுதா?"

"சத்தியமா கொதிக்கல. நாளைக்குக் கூடத்துல டிவி பக்கத்துல பெட்டியை வெச்சு, ஜரிகைத் துணி போட்டு மூடித் தர்றேன். கம்பியெல்லாம் நானே மாட்டிடுறேன். உங்க கூட்டாளிங்க பார்க்கட்டும். ஆனா திறக்கக் கூடாது."

"ஏன்?"

"சபாஹ் சீல் வெச்சிருக்கா. உள்ள காத்து பட்டா கெட்டுடும்."

"அதான் எனக்கும் தெரியுமே" என்றேன். தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஆளுக்கொரு காத் கட்டோடு பன்னிரண்டு பேரும் வந்தார்கள். ஹுக்கா நடுவில் வைக்கப்பட்டது. கரி சிவந்தது. நான்கு மணிக்கு டிவியின் பொத்தானை அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினேன். "ஓ!" என்று சத்தம் கேட்டதும் திறந்தேன். மைதானம் பச்சைப் பசேலென்று எரிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான புல்லை நான் பார்த்ததில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து, ஜரிகைத் துணியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டேன்.

"எப்படிடா பண்ணினே?" என்றான் தபால் ஆபீஸ் ஸாலெஹ்.

"பொறுமை வேணும், ஸாலெஹ். லித்தியத்தோட பேசணும். காதை வெச்சுக் கேக்கணும்."

"தண்ணி?"

"ஊத்தவே கூடாது. பலர் பண்ற தப்பு அது."

முஹ்சின் இலையை மென்றுகொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். எனக்கு இனித்தது. இனித்தால் வாய் நிற்காது.

"மூணு நாளா என் மாடியில திருவிழாக் கூட்டம். உங்க எல்லார் வீட்லயும் இங்கதான் இருந்தாங்க. பதினஞ்சு பேர்! பேட்டரி பார்க்கத்தான் வந்திருப்பாங்க."

"என் வீட்ல வரலையே" என்றான் ஸாலெஹ். "அவ அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆச்சு."

"எங்க வீட்லயும் வரல. முட்டி வலி, படியே ஏற மாட்டாங்க."

"எங்க வீட்ல செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில இருந்தாங்க."

ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். பதினைந்தில் ஒருவர் கூடத் தேறவில்லை. முஹ்சின் மெல்ல நகர்ந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நானும் ஒரு தடவை காதை வெச்சுக் கேக்குறேனே."

"கேளு. தொடாதே."

காதை வைத்தான். கையையும் வைத்தான்.

"ஜில்லுனு இருக்கே, லுத்ஃப்."

"அதுதான் லித்தியம்."

"டக்குனு திறந்து மூடிடுறேன்."

"டேய், காத்து படும்!"

பட்டுவிட்டது. முஹ்சின் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தான். பன்னிரண்டு தலைகள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தன. பதின்மூன்றாவது என்னுடையது. உள்ளே ஹூரியாவின் பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டி. பதினெட்டு நூல்கண்டு. ஒரு கத்தரிக்கோல். அளவு நாடா. நாடாவுக்கு அடியில் அரை பிஸ்கட்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் ஃப்ரீ கிக் எடுத்தான். யாரும் பார்க்கவில்லை.

"அப்போ இதை எதுடா ஓட்டுது?" என்றான் ஸாலெஹ், டிவியைக் காட்டி.

கம்பி டிவிக்குப் பின்னால் இறங்கியது. தரைவிரிப்புக்கு அடியில் ஓடியது. திரைக்குப் பின்னால் ஏறியது. ஜன்னல் வழியாக வெளியே போய் மேலே போனது. பன்னிரண்டு பேரும் அதைக் கண்ணாலேயே தொடர்ந்து போய்க் கூரையைப் பார்த்தார்கள். நடுவர் இடைவேளைக்கு விசில் ஊதினார். அதற்காகவே காத்திருந்ததுபோலப் படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அபூ நஜீப்! இடைவேளையா? பதினஞ்சு நிமிஷம் டிவியை நிறுத்துறேன். ரெண்டு கை தைக்க பாக்கி இருக்கு!"

டிவி அணைந்தது. தலைக்கு மேலே தையல் மெஷின் 'கடகட' என்று ஓடத் தொடங்கியது. கூடத்தில் ஒருவரும் மெல்லவில்லை. முஹ்சின்கூடக் கவிதையை எடுக்கவில்லை.

நான் எழுந்து படிக்கு ஓடினேன். குரல் கொடுக்கவும் மறந்துவிட்டேன். மாடிக்கதவுக்கு உள்ளே, நிழலில், ஓடு பதித்த தரையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் செல்கள் வரிசையாக, மேலே ஒரு சின்னப் பச்சை அட்டை. சபாஹ் முகத்திரையைப் போட்டுக்கொண்டு, கையில் மீட்டரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சற்றுத் தள்ளி ஒரு மண்சட்டியில் மணல், மணலுக்கு மேல் இரண்டு செல்கள், வயிறு ஊதி.

"ஹூரியா, என்ன இது?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

மெஷினை நிறுத்தாமலேயே பேசினாள்.

"இந்த பேட்டரிக்குப் பன்னெண்டரை வோல்ட்தான் உச்சம். நீங்க பதினாலரை ஏத்திட்டிருந்தீங்க. அந்த ரெண்டும் அன்னிக்கே ஊதிப்போச்சு. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா நெருப்பு. நெருப்பு மேல காதை வெச்சுப் படுத்திருந்தீங்க."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. சின்ன லித்தியம், பெரிய லித்தியம்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க."

"இப்போ?"

"கெட்டதைச் சுரண்டி எடுத்துட்டோம். நல்லதை அளந்து சேர்த்தோம். காவலுக்கு அட்டை போட்டிருக்கு, உச்சம் வந்தா அதுவே நிறுத்திடும். கன்ட்ரோலரையும் மாத்தியாச்சு. ஏறும்போது யாராவது ஒருத்தர் பக்கத்துலயே இருக்கோம்."

"அந்தப் பதினஞ்சு பேர்?"

"நானும் சபாஹும். மீதிப் பதிமூணு பேர் உங்களுக்காக."

முகத்திரைக்குள் சபாஹின் தோள் குலுங்கியது.

"அப்போ பெட்டியை எதுக்குக் கீழ வெச்சே? என் மானம் போச்சு!"

மெஷின் நின்றது. அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"உங்க மானத்துக்காகத்தான் வெச்சேன். பெட்டி காட்டணும்னு ஆசைப்பட்டீங்க. நிஜமானதை எப்படிக் குடுப்பேன்? ஹுக்காவுல சிவக்கச் சிவக்கக் கரி. சுத்தி பன்னெண்டு பேர், ஆளாளுக்கு என்ஜினியர். நஜீப்புக்கு அப்பா வேணும், எனக்கும் வேணும். திறக்காதீங்கன்னு சொன்னேன். திறந்தீங்க."

"முஹ்சின்தான் திறந்தான்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சுட்ட காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் அன்று கையை வைக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தபோது, படியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. நன்றி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவள் இரண்டாவது கையைத் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கீழே இறங்கினேன். பதினைந்தாவது நிமிடம் டிவி எரிந்தது. ஒரு வினாடி பிசகவில்லை. இரண்டாம் பாதியும் ஓடி முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போகும்போது ஒவ்வொருவராகக் கையைக் குலுக்கினார்கள். வழக்கத்தைவிட மென்மையாகக் குலுக்கினார்கள், துக்க வீட்டில் குலுக்குவதுபோல. கடைசியாக முஹ்சின். செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, என் காதருகே வந்தான்.

"லுத்ஃப், உன்கிட்ட மட்டும் சொல்றேன். என் பேட்டரி நாலும் படுத்துருச்சு. போன வாரம் நானும் ஒரு பழைய லித்தியம் வாங்கினேன். மாட்டப் பயமா இருக்கு."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

"இதுக்கா இவ்வளவு தயக்கம்? நாளைக்குக் காலையில கொண்டு வாடா. நானே..."

முஹ்சின் என் தோளில் கையை வைத்தான். கண்ணில் உண்மையான அன்பு இருந்தது.

"கொண்டுவர்றேன். வாசல்ல வெச்சுட்டு உங்க வீட்ல சொல்லிட்டுப் போறேன். ஒரே ஒரு உதவி பண்ணு லுத்ஃப், நீ தொட்டுடாதே."